56 குழிப் பலகையும் ஆறு மாதக் கிரகணக் கணக்கும்

ஸ்டோன்ஹெஞ்சில் இருக்கும் 56 குழிகளைச் சுற்றிக் கல்லை நகர்த்திக்கொண்டே வந்தால் கிரகணம் எப்போது என்று சொல்லிவிடலாம் என்று எப்போதோ படித்தது. மறக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. போன ஆகஸ்டில் டீப்பாய் ஒன்றை உடைக்க வேண்டி வந்தது. அதன் மேல்பலகை நல்ல ப்ளைவுட். சரி, குழி வெட்டி நாமே நகர்த்திப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினேன். மார்ச் வரை இழுத்தது.

முதலில் குழி விஷயம். இங்கிலாந்தில் வில்ட்ஷைர் பகுதியில், சாலிஸ்பரி சமவெளியில் நிற்கிறது ஸ்டோன்ஹெஞ்ச். படங்களில் நாம் பார்க்கும், தலைமேல் குறுக்குக்கல் ஏற்றிய பெரிய தூண்கள் கிமு 2500 வாக்கில் எழுந்தவை. ஒவ்வொன்றும் சராசரியாக 25 டன் வரும். குழிகள் அதற்கும் ஏறத்தாழ 500 ஆண்டு மூத்தவை. தூண்களுக்கு வெளியே, சுமார் 87 மீட்டர் விட்டமுள்ள வட்டத்தில், ஐந்து மீட்டருக்கு ஒன்றாக, ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். 1666-ல் ஜான் ஆப்ரி என்பவர் அங்கே தரையில் சில பள்ளங்கள் இருப்பதைக் குறித்துவைத்தார். 1920-களில் வில்லியம் ஹாலி தோண்டும்போது முழு வட்டமும் வெளிப்பட்டது. அதனால் ஆப்ரி குழிகள் என்று பெயர். இன்று போனால் புல்லில் வெள்ளை வட்டங்களாக அடையாளம் வைத்திருப்பதைத்தான் பார்க்க முடியும்.

இந்தக் கல்லுக்கு விளக்கம் சொல்லாத காலமே இல்லை. மெர்லின் என்ற மந்திரவாதி அயர்லாந்திலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தான் என்று 12-ம் நூற்றாண்டில் ஜெஃப்ரி என்ற பாதிரியார் எழுதினார். இனிகோ ஜோன்ஸ் கட்டடக் கலைஞர். ரோமானியக் கட்டடக் கலையில் ஊறியவர். அவர் கண்ணுக்கு அது ரோமானியக் கோயில். 1663-ல் வால்டர் சார்ல்டன், டேனியர்கள் தங்கள் அரசர்களுக்கு முடிசூட்டிய இடம் என்றார். புத்தகத்தை அப்போதுதான் முடியைத் திரும்பப் பெற்றிருந்த இரண்டாம் சார்ல்ஸுக்குக் காணிக்கையாக்கினார். என்ன பொருத்தம்! 1740-ல் ஸ்டக்லி என்ற ஆய்வாளர் துருயிது என்ற பழங்காலக் கெல்டியப் பூசாரிகளைக் கொண்டுவந்தார். ஆனால் மனிதர் ஒன்றைச் சரியாகப் பிடித்தார்: வாசல் அச்சு கோடைக்கால நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசையைப் பார்க்கிறது. 1960-களில் பாஸ்டன் பல்கலைக்கழக வானியலாளர் ஜெரால்டு ஹாக்கின்ஸ் ஐபிஎம் 7090 கணினியில் கல், குழி எல்லாவற்றின் இருப்பிடங்களையும் ஊட்டிப் பார்த்துவிட்டு, அதுவே கற்காலக் கணினி என்றார். கையில் கணினி இருந்தவருக்குக் கணினி தெரிந்தது. பஞ்சாங்கத்தோடு வளர்ந்த எனக்கு அதில் ராகு கேது தெரிந்தது. நானும் அந்த வரிசையில் ஒருவன்தான்.

ஹாக்கின்ஸின் பிடிமானம் 56 என்ற எண். சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்தான் ராகு கேது; அவற்றுக்கு அருகில் சூரியன் இருக்கும்போதுதான் கிரகணம் வரும். அவை ஒரு சுற்று வர 18.61 ஆண்டு. மூன்று சுற்றுக்கு 55.83. கிட்டத்தட்ட 56. வேறு எதற்காக ஒருவன் 56 குழி வெட்டுவான் என்பது கேள்வி. 1966-ல் பிரிட்டிஷ் வானியலாளர் பிரெட் ஹாயில் இதை இன்னும் எளிதாக்கினார். நான் செய்து பார்த்தது ஹாயில் முறையைத்தான். சூரியக் காயை 13 நாளைக்கு ஒருமுறை இரண்டு குழி நகர்த்து. 28 நகர்த்தலில், 364 நாளில் ஒரு சுற்று. சந்திரக் காயைத் தினமும் இரண்டு குழி. 28 நாளில் ஒரு சுற்று. நேரெதிரே வைத்த இரண்டு காய்களை ஆண்டுக்கு மூன்று குழி, எதிர்த்திசையில். ஹாயில் இந்தக் கடைசி இரண்டையும் விளக்கப் பக்கம் பக்கமாக மெனக்கெட வேண்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத, எப்போதும் பின்னோக்கிப் போகிற, ஒன்றுக்கொன்று ஏழாமிடத்தில் நிற்கிற இரண்டு கிரகம் என்றால் நம் ஊரில் பத்தாம் வகுப்புப் பையனுக்கும் புரிந்துவிடும்.

ஒரு குழி என்பது 6.43 பாகை. பௌர்ணமியன்று சூரியக் காய் ராகுவுக்கோ கேதுவுக்கோ இரண்டு குழிக்குள் இருந்தால் சந்திர கிரகணம் எதிர்பார்க்கலாம். அமாவாசையன்று மூன்று குழிக்குள் இருந்தால் சூரிய கிரகணம். இவ்வளவுதான் விதி.

இப்போது பலகை. 26.7 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டேன். குழிக்குக் குழி மூன்று செ.மீ. இடைவெளி வைத்தால் 56 சரியாக உட்காரும் என்று கணக்கு. டிவைடரை மூன்று செ.மீ. திறந்து, வட்டத்தின் மேல் குத்திக் குத்திச் சுற்றி வந்தேன். கடைசிக் குத்து முதல் புள்ளியிலேயே அச்சாக விழுந்தது. இதைவிட என்ன வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க டிரில் போட்டேன். 10 மி.மீ. பிட்டில், ஆழம் மாறாமலிருக்க பிட்டைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொரு குழியும் ஆறு மி.மீ. ஆழம். சாயந்தரம் தூசியைத் துடைத்துவிட்டு எண்ணினால் 55.

மறுபடி எண்ணினேன். மகளை விட்டு எண்ணச் சொன்னேன். 55-தான். டிவைடரின் திருகு தளர்வாக இருந்து அதன் கால்கள் அரை மி.மீ. அகன்றிருக்கின்றன. 3.05 செ.மீ. வைத்தால் அந்த வட்டம் சரியாக 55-ல் மூடிக்கொள்ளும். ஒரு துண்டு இடைவெளி மிஞ்சியிருந்தால் அப்போதே பிடித்திருப்பேன். பிழை வட்டமாக மூடிக்கொண்டதால் சரி மாதிரியே இருந்தது.

இரண்டாவது பலகைக்கு எங்கள் தெரு ஆசாரி அண்ணன் வழி சொன்னார். "தம்பி, வட்டத்துல அளக்காதீங்க. நீட்டு வாக்குல அளந்து வட்டத்துல சுத்துங்க." பலகையையே ஜிக்சாவில் 53.5 செ.மீ. விட்டத்துக்கு வட்டமாக அறுத்துத் தந்தார். சுற்றளவு 168 செ.மீ. வரும். 168 செ.மீ. நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, மேசையில் நேராக விரித்து, ஸ்கேல் வைத்து மூன்று செ.மீ.க்கு ஒரு கோடு போட்டேன். எண்ணினேன். இந்தமுறை முதலிலேயே! அதைப் பலகையின் விளிம்பில் சுற்றினால் இரண்டு மி.மீ. இடித்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததும் உட்கார்ந்தது. விளிம்புக் கோடுகளை மையத்தை நோக்கி இழுத்து, 24 செ.மீ. ஆரத்தில் குழி போட்டேன். ஸ்டோன்ஹெஞ்சில் கயிற்றையும் முளைக்குச்சியையும் தவிர வேறு என்ன இருந்திருக்கும் என்று டிரில்லைக் கீழே வைக்கும்போது தோன்றியது.

காய்கள்: சூரியனுக்கு மஞ்சாடி, சந்திரனுக்குச் சோழி, ராகு கேதுவுக்கு இரண்டு கழற்சிக்காய்.

பலகை தயாரானதும் பழைய கணக்கு ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். 2019 டிசம்பர் 26-ல் திண்டுக்கல்லில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. நான் மொட்டை மாடியிலிருந்து பார்த்தது. அன்று சூரியன், சந்திரன், கேது மூன்றும் தனுசில். மூன்றையும் 0-ம் குழியில் வைத்தேன், ராகு எதிரே 28-ல். அங்கிருந்து 2025 செப்டம்பர் 7 வரை 2082 நாள். சூரியனுக்கு 160 நகர்த்தல். ஒரு காபி, இரண்டு தடவை எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து. கடைசியில் மஞ்சாடி 40-ம் குழியில் நின்றது. கேது 17 குழி பின்வாங்கி 39-ல். ஒரு குழி வித்தியாசம். ஏறத்தாழ ஆறு ஆண்டு ஓட்டி, நடுவில் ஒரு திருத்தமும் இல்லாமல் பலகை சரியான கிரகணப் பருவத்தில் வந்து நின்றது. எனக்கே கொஞ்சம் சிலிர்த்தது.

சோழியைப் பார்த்தபோது சிலிர்ப்பு அடங்கியது. பௌர்ணமி என்றால் அது சூரியனுக்கு எதிரே 12-ல் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ 20. எட்டுக் குழிதானே, நாலு நாள்தானே என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால், உண்மையான சந்திரன் 76 சுற்றுக்கு மேல் போயிருக்கிறது. என் சோழி 74 சுற்றும் கொஞ்சமும்தான். இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகப் பின்தங்கியிருக்கிறது. வட்டம் என்பதால் பக்கத்தில் நிற்பதுபோல் தெரிந்தது. 55 குழிப் பலகை செய்த அதே ஏமாற்று வேலை.

செப்டம்பர் 7, ஞாயிறு இரவு. இரவு 9:57-க்கு நிழல் கடிக்க ஆரம்பித்து, 11:01-க்கு முழுக்க மூடி, 12:23 வரை செம்பு நிறத்தில் இருந்தது. மேகம் வந்து வந்து போனது. அம்மா சமைத்து மிஞ்சியதில் தர்ப்பை போட்டு மூடிவிட்டுப் படுத்துவிட்டாள். நான் மொட்டை மாடியில் பலகையை வைத்து, செல்போன் வெளிச்சத்தில் எல்லாவற்றையும் புதிதாக அடுக்கினேன். சூரியன், கேது 0-ல். சந்திரன், ராகு 28-ல். இந்தமுறை இரண்டு சோழி. ஒன்றை ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சூரியனுக்கு எதிரே தூக்கி வைத்துத் திருத்துவேன். இன்னொன்றை விதிப்படி நகர்த்துவதோடு சரி, தொடமாட்டேன்.

செப்டம்பர் 21 அமாவாசை. சூரியன் 2-ல், கேது 0-ல். மூன்று குழிக்குள் இருப்பதால் கிரகணம் என்றது பலகை. உண்மையிலேயே அன்று பகுதிச் சூரிய கிரகணம், நியூசிலாந்து பக்கம். இங்கே நமக்கு ஒன்றும் தெரியவில்லை. பலகையின் பெரிய குறை இது. கிரகணம் உண்டு என்று சொல்லும், உன் ஊரில் தெரியுமா என்று சொல்லாது. ஒரு பூசாரி இதை நம்பி ஊரைக் கூட்டியிருந்தால் சூரிய கிரகணத்தில் பெரும்பாலும் அடி வாங்கியிருப்பான்.

அக்டோபர் 21 அமாவாசைக்குச் சூரியன் 6-ல். தொடாத சோழி 4-ல். ஒன்றரை மாதத்துக்குள் ஒரு நாள் பின்தங்கல். காரணம் எளிது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் கிளம்பி அதே நட்சத்திரத்துக்கு வர 27.32 நாள். பலகை 28 நாள் எடுக்கிறது.

நவம்பரில் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் பையன் பலகையைப் பார்த்ததும் பல்லாங்குழி என்று முடிவுகட்டி, எல்லாக் காயையும் அள்ளி விளையாடி முடித்திருந்தான். நல்லவேளை தினமும் நோட்டில் குழி எண்ணை எழுதிவைத்திருந்தேன். அன்றைக்குத்தான் உறைத்தது: எழுத்தே இல்லாதவர்கள் இதை எங்கே எழுதிவைத்திருப்பார்கள்? 13 நாள் ஆகிவிட்டது என்று யார் எண்ணிக்கொண்டிருந்தது? குழி மட்டும் போதாது. குழிக்கு வெளியே ஒரு நாட்குறிப்பு வேண்டும்.

மார்ச் 3, 2026. 177 நாள். சூரியன் 26-ல், ராகு ஒரு குழி பின்வாங்கி 27-ல். திருத்திய சோழி 54-ல், சூரியனுக்கு நேரெதிரே. தொடாத சோழி 46-ல். அதைக் கேட்டால் பௌர்ணமிக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று சொல்லும். பலகைப்படி சந்திர கிரகணம். வானத்திலும் அப்படியே. ஆனால் முழு மறைப்பு மாலை 5:33-க்கே முடிந்துவிட்டது, நமக்குச் சந்திரன் உதிக்கும் முன்பே. தண்ணீர் டேங்க் மேல் ஏறி நின்றேன். 6:40 வாக்கில் எதிர்வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு மேலே வந்தது, ஓரத்தில் லேசாக ஒரு கடியோடு. 6:47-க்கு அதுவும் போய்விட்டது.

ஜெயித்துவிட்டேன் என்றுதான் இறங்கி வந்தேன். நோட்டைப் புரட்டும்போதுதான் சுருதி இறங்கியது. ஆறு மாதத்தில் ஆறு பௌர்ணமிக்கும் சோழியைத் தூக்கிச் சரியான இடத்தில் வைத்தது நான். பௌர்ணமி எது என்பதைப் பஞ்சாங்கம் பார்த்துத் தெரிந்துகொண்டவன் நான். பலகை சரியாகச் சொன்னது என்பதில் பாதி, நான் அதற்குச் சொல்லிக்கொடுத்தது. ஹாயிலும் வானத்தைப் பார்த்து அவ்வப்போது திருத்த வேண்டும் என்றுதான் சொன்னார். அது தப்பில்லை. ஆனால் திருத்திக்கொண்டே இருந்தால் எந்த எண் வைத்த வட்டமும் வேலை செய்யுமே?

அதையும் பார்த்துவிடுவோம் என்று புடவைப் பெட்டி அட்டையில் 27 குழிக்கு ஒரு வட்டம் போட்டேன். 27 நட்சத்திரம். சந்திரன் தினம் ஒரு குழி. சூரியன் 13 நாள், 14 நாள் என்று மாற்றி மாற்றி ஒரு குழி. ராகு கேது எட்டே கால் மாதத்துக்கு ஒரு குழி. செப்டம்பர் 7 அன்று சூரியனும் கேதுவும் பூரத்தில், சந்திரனும் ராகுவும் பூரட்டாதியில். அங்கிருந்து 177 நாள் ஓட்டினேன். சூரியன் சதயத்தில் வந்து நின்றது. மார்ச் 3 அன்று வானத்திலும் சதயம்தான். ராகு பக்கத்துக் குழியிலேயே. திருத்தாத சோழி அஸ்தத்தில் நின்றது. இருக்க வேண்டியது பூரம். இரண்டு நாள் முந்தியிருக்கிறது. 56 குழிப் பலகை நாலு நாள் பிசகிய இடத்தில் அட்டை இரண்டு நாள்தான் பிசகியது. அட்டையின் குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: 27 ஒற்றைப்படை, எந்தக் குழிக்கும் நேரெதிர் குழி கிடையாது. பௌர்ணமி பார்க்க 13-ஆ 14-ஆ என்று ஒவ்வொரு தடவையும் தடுமாற வேண்டும். மற்றபடி வேலையில் குறைவில்லை.

ஆக 56-தான் வேண்டும் என்பதில்லை. 56 குழியால் கிரகணப் பருவம் சொல்ல முடியும் என்பது என் கையால் பார்த்த உண்மை. அதற்காகத்தான் வெட்டினார்கள் என்பதற்கு என் பலகை ஒரு துளிகூடச் சாட்சி சொல்லாது. ஹாக்கின்ஸ் எழுதிய கொஞ்ச நாளிலேயே ரிச்சர்டு அட்கின்சன் போன்ற தொல்லியலாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். குழிகள் வெட்டிக் கொஞ்ச காலத்திலேயே மூடப்பட்டவை, வெவ்வேறு காலத்தில் எழுந்தவற்றை ஒரே கருவியாகச் சேர்த்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்றார்கள். முன்பு படித்தபோது வானியல் தெரியாதவர்களின் பொறாமை என்று நினைத்தேன். இப்போது அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

இந்த ஆறு மாதத்தில் படித்தவற்றில் மனதில் நின்றது ஸ்டோன்ஹெஞ்ச் சம்பந்தப்பட்டதே அல்ல. ஜான் வாரன் என்ற அதிகாரி 1825-ல் சென்னையில் அச்சான 'கால சங்கலித' நூலில் எழுதியது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், எண்களைச் சொற்களாக்கி மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, தரையில் சோழிகளை அடுக்கி, அந்த ஆண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடப் பிழை. என் பலகை நாள் கணக்கில் தடுமாறுகிறது, அவர் நிமிடக் கணக்கில். வேலை முடிந்ததும் சோழிகளை அள்ளிப் பையில் போட்டிருப்பார். தரையில் ஒரு கீறல்கூட மிஞ்சியிருக்காது. நல்ல கிரகணக் கணிதத்துக்குக் குழியே வேண்டாம்போல.

ஆப்ரி குழிகளில் மிஞ்சியிருந்தது வேறு. ஹாலி தோண்டியபோது பல குழிகளிலிருந்து எரித்த மனித எலும்புகள் வந்தன. அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் 1935-ல் எல்லாவற்றையும் சேர்த்து ஏழாம் குழியில் திரும்பப் புதைத்தார்கள். 2008-ல் தொல்லியலாளர் மைக் பார்க்கர் பியர்சன் குழுவினர் அதே குழியைத் திறந்து, எலும்புகளை வெளியே எடுத்து ஆய்ந்தார்கள். ஆண்கள், பெண்கள், குழந்தைகள். குழிகளில் முதலில் வேல்ஸின் பிரசெலி மலையிலிருந்து கொண்டுவந்த நீலக்கற்கள் நின்றிருக்கும் என்பது பார்க்கர் பியர்சனின் கருத்து. அப்படியானால் காய் நகர்த்தவே இடமில்லை, ஒவ்வொரு குழியிலும் ஆளுயரக் கல்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. பலகை அதுவரை பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் இருந்தது. ராகு கேது இருக்கிறதே என்று அவளேதான் அங்கே வைத்தாள்.

"அப்ப அது சுடுகாடாடா?"

"சுடுகாடு மாதிரின்னு சொல்றாங்கம்மா."

"இத்தனை நாளா அதையா சாமி பக்கத்துல வச்சிருந்தேன்?"

அன்று மாலையே பலகை பரணுக்குப் போய்விட்டது. கழற்சிக்காய் இரண்டையும் கழுவி மருந்து டப்பாவில் போட்டுவிட்டாள். ஆகஸ்ட் 12-ல் முழுச் சூரிய கிரகணம், 28-ல் பகுதிச் சந்திர கிரகணம். அதற்குள் பலகையை இறக்க அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் 27 குழி அட்டையிலேயே ஓட்டிக்கொள்வேன். அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.